கல்யாணப் பத்திரிகைப் பட்டதாரி

முருகேஸ்வரி அண்ணிக்கு பி.காம். பட்டம் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை, என் அப்பா. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, திருச்சியில் பத்திரிகை அடிக்கப் போன அச்சகத்தில் வைத்துக் கொடுத்தார். தாம்பூலப் பைக்கு டிசைன் பார்க்க அப்பாவோடு போன நான், ஒரு பட்டமளிப்பு விழாவையே பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

அச்சகக்காரர் கணினியில் வரி வரியாக அடித்துக்கொண்டு வந்தார். மணமகன் தணிகைவேல், எம்.எஸ்சி., பி.எட். மணமகள் முருகேஸ்வரி. அவ்வளவுதான். அப்பா திரையைப் பார்த்து முகம் சுளித்தார்.

"என்னய்யா இது, பொண்ணு பேரு மொட்டையா நிக்குது?"

"பொண்ணு என்ன படிச்சிருக்காங்க சார்?"

அண்ணி எட்டாவது. வேடசந்தூர்ப் பக்கம். எட்டாவது முடித்த கையோடு நூற்பாலைக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணன் ஒரு நண்பன் கல்யாணத்தில் அவளைப் பார்த்து, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். அப்பாவும் இறங்கி வந்துவிட்டார். ஆனால் பத்திரிகை விஷயத்தில் மட்டும் இறங்குவதாக இல்லை. ஊருக்கே கொடுக்கிற பத்திரிகை ஆயிற்றே.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன படிக்கிற?"

"என்னப்பா, அதுகூடத் தெரியாதா? பி.காம்., செகண்ட் இயர்."

"அதையே போடுப்பா" என்றார் அச்சகக்காரரிடம்.

நான் பரீட்சை எழுதி முடிப்பதற்குள் அண்ணி பட்டதாரி ஆனது இப்படித்தான். அந்தக் காலத்தில் இது ஒன்றும் உலக அதிசயம் இல்லை. மாப்பிள்ளை பேருக்குப் பின்னால் இரண்டு பட்டம் இருந்தால் பெண்ணுக்கு ஒன்றாவது வேண்டும். யாரும் சான்றிதழ் கேட்கப் போவதில்லை. கல்யாணத்தன்று அண்ணியே என் காதில், "ஒரு பரீட்சையும் எழுதாம பாஸாயிட்டேன் பாத்தியா?" என்று சொல்லிச் சிரித்தாள்.

அப்புறம் அந்தப் பட்டம் தானாகவே வளர்ந்தது. கணக்கெடுப்புக்கு யார் வந்தாலும் அண்ணன் பி.காம். என்றே சொன்னான். அவன் பள்ளிக்கூட வாத்தியார். அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்ததை மாற்றிச் சொல்ல அவனுக்குக் கூச்சம். பல வருடம் கழித்து அரசாங்கம் இருந்த தகவலையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து மக்கள் பதிவேடு என்று ஒன்றைக் கட்டியபோது, அண்ணியின் பேருக்குப் பின்னால் அந்த பி.காம். சிமெண்ட் போட்டுப் பூசியது மாதிரி உட்கார்ந்துவிட்டது.

2051-ல் அது வேலையைக் காட்டியது.

அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்களை நான் திட்டப் போவதில்லை. திட்டித் திட்டி அலுத்துவிட்டது. அவர்கள் நல்லெண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். பேரன் குரலில் போன் பேசியும், மகன் முகத்தோடு திரையில் வந்தும் வயதானவர்களிடம் வீடு வாசலை எழுதி வாங்கிக்கொள்ளும் கூட்டம் அப்போது பெருத்துப்போயிருந்தது. ஆகவே முடிவுரிமைச் சட்டம். அறுபத்தைந்து வயதானால் எல்லோரும் மதிமானி என்கிற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து சோதனை கொடுக்க வேண்டும். தேறினால் பழையபடி இருக்கலாம். தேறாவிட்டால் 'காப்புநிலை'. அதன் பிறகு உங்கள் கையெழுத்து செல்லாது. பொறுப்பானவர் இல்லாமல் வீட்டில் இருக்கக் கூடாது. இன்னொருவருக்குப் பாதுகாவலராகவும் இருக்க முடியாது.

அந்தக் கடைசி விதியை நான் இரண்டு முறை படித்தேன். அண்ணிக்கு ஒரே பையன், நிதிலன். நாற்பது வயது. பிறந்ததிலிருந்து பேச்சு இல்லை. ஆள் பார்க்க அண்ணனை உரித்து வைத்திருப்பான், உள்ளே மூன்று வயதுக் குழந்தை. அவன் போடும் சத்தத்தில் எது பசி, எது பல்வலி, எது மின்விசிறி வேகம் பிடிக்கவில்லை என்பது என்று அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். அவன் சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தால் அவள் கையை நடுவில் வைத்துவிட்டு, அவனோடு அவளும் ஏதோ முனகுவாள். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவான். அண்ணன் போன பிறகு உறையூர் வீட்டில் இரண்டு பேர்தான். அண்ணிக்குப் பாதுகாவலர் உரிமை போனால் நிதிலன் கதி என்ன? அவள் சோதனைக்குப் போனபோது இருந்த ஒரே கவலை அதுதான்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்று தென்னூரில் இருந்தேன். அன்றைக்கு நிதிலனோடு சோதனை மையத்தின் வராந்தாவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அண்ணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியில் வந்தாள்.

"கடிகாரம் வரையச் சொல்லுச்சு, வரைஞ்சேன். அஞ்சு வார்த்தை சொல்லிட்டு அப்புறமாத் திருப்பிக் கேட்டுச்சு, அத்தனையும் சொல்லிட்டேன். நூறுல இருந்து ஏழு ஏழாக் கழிக்கச் சொன்னதுலதான் சிக்கிக்கிட்டேன் ராணி. அப்புறம் பாரு, காலேஜ்ல நடந்த ஒரு சம்பவத்தச் சொல்லுங்கன்னுச்சு."

"ஐயோ. நீங்க என்ன சொன்னீங்க அண்ணி?"

"உள்ளதத்தான் சொன்னேன். நான் காலேஜ் வாசலைக்கூட மிதிச்சதில்ல, மில்லுக்குத்தான் போனேன்னு. 'பரவாயில்லை, நிதானமாக நினைத்துப் பாருங்கள்'னு திரும்பத் திரும்பச் சொல்லுச்சு. நல்ல மரியாதை. எனக்கே பாவமாப் போச்சு."

டாக்டர் செல்வின் ஞானராஜ் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். அந்த மையத்தின் அலுவலர் அவர்தான். தூக்கம் கெட்ட கண்கள், மரியாதையான பேச்சு. முடிவு சாதகமாக இல்லை என்றார்.

"எப்படி டாக்டர்? வீடு, சமையல், மருந்து, பையன் எல்லாத்தையும் ஒத்தை ஆளாப் பாத்துக்குறாங்க."

"சொல்றேன் மேடம். ஒரு காலத்துல எல்லாருக்கும் ஒரே கோடுதான் வச்சிருந்தாங்க. அதுக்கு மேல வந்தா நல்லா இருக்கீங்க, கீழ வந்தா மறதி நோய். அதனால என்ன ஆச்சு? ஸ்கூலுக்கே போகாத அம்மா கல்லு மாதிரி இருப்பாங்க, கழித்தல் கணக்கு வரலைன்னு நோயாளி ஆக்கிடுவாங்க. ரிட்டயர்டு பேராசிரியர் வீட்டுக்குப் போற வழி தெரியாம தெருவுல நிப்பார், சோதனையில நல்ல மார்க் வாங்கிடுவார். படிச்ச மூளைக்கு ரொம்ப நாள் சமாளிக்கத் தெரியும். அதான் இப்ப ஆளுக்கொரு கோடு. வயசு கூடக் கூடக் கோடு இறங்கும். படிப்பு கூடக் கூட ஏறும்."

"நியாயமாத்தான் இருக்கு. எங்க அண்ணிக்கு எந்தக் கோடு?"

"பட்டதாரிக் கோடு. அதுக்குக் கீழ இருக்காங்க."

"எட்டாவதுக்கு உண்டான கோட்டைப் போட்டா?"

அவர் எதையோ தட்டிப் பார்த்தார். "தாராளமா மேல இருக்காங்க. ஏன் கேக்குறீங்க?"

அச்சகத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"மேடம், கல்லூரி வாழ்க்கையே முழுசா நினைவில்லைன்னு மதிமானி எழுதியிருக்கு. பழைய நினைவு அப்படி மொத்தமாப் போறது பெரிய அறிகுறி."

"இல்லாத நினைவு எங்க டாக்டர் போகும்? பதிவேட்டைத் திருத்தச் சொல்லுங்க, சரியாப் போச்சு."

"படிப்பைக் கூட்டித் திருத்தலாம். குறைக்க முடியாது." அவர் குரல் தணிந்தது. "சட்டம் வந்த முதல் வருஷமே ஆளாளுக்குப் படிக்கலைன்னு சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க, கோடு இறங்கும்ல? ஒரு ரிட்டயர்டு தலைமை ஆசிரியர் கைநாட்டு வச்சு மனு குடுத்தார். அதுல இருந்து தடை. சொந்தக்காரங்க சாட்சியும் செல்லாது."

படித்ததாகப் போலிச் சான்றிதழ் வாங்கிய ஊரில் இப்போது படிக்காததாக வாங்க அலைகிறார்கள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அண்ணி படித்த பள்ளிக்கூடத்தையாவது தேடலாம் என்று வேடசந்தூருக்குப் போய்வந்தேன். பள்ளிக்கூடம் வேறு ஒன்றோடு சேர்ந்து, அதுவும் மூடி, அந்த இடத்தில் சூரியத் தகடுகள் நின்றன. அப்படியே பள்ளி இருந்தாலும் எட்டாவது வரை படித்தாள் என்று சொல்லுமே தவிர, அதற்கு மேல் படிக்கவில்லை என்று எந்தப் பள்ளி சொல்லும்? படித்ததற்குச் சான்று உண்டு. படிக்காததற்கு யார் தருவார்கள்?

மிச்சம் இருந்தது ஒரே ஒரு மறுசோதனை, ஒரு மாதம் கழித்து. அதுவரை காப்புநிலை அமலுக்கு வராது. கழித்தல் கணக்கை எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் அந்த இயந்திரம் கேட்கிற வேகத்துக்கு அண்ணியால் போட முடியவில்லை. ஆனால் கல்லூரி நினைவுக்குத்தான் மதிப்பெண் அதிகம். அதைப் பிடித்துவிட்டால் பட்டதாரிக் கோட்டையே தாண்டிவிடலாம். யோசனை என்னுடையதுதான். உண்மையைச் சொல்லித் தோற்றாயிற்று, பொய் சொல்லி ஜெயிப்போம் என்றேன்.

"தப்பில்லையா ராணி?"

"உண்மையைச் சொல்லி என்னத்தக் கண்டீங்க?"

அண்ணி நிதிலனைப் பார்த்தாள். அவன் தட்டில் இருந்த இட்லியைப் பொடிப்பொடியாக உதிர்த்துக்கொண்டிருந்தான். "சரி, சொல்லிக்கொடு" என்றாள்.

தினமும் காலையில் உறையூருக்குப் போவேன். அவள் கீரை ஆய்வாள், நான் என் கல்லூரியைச் சொல்வேன். வேறு யார் கல்லூரியைச் சொல்ல முடியும்? அப்பா என் படிப்பைத்தான் அவளுக்குக் கொடுத்தார், நினைவையும் நானே கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தோழி ஜாஸ்மின். மேஜையைத் தட்டித் தட்டிக் கணக்கியல் நடத்தும் சகுந்தலா மேடம். கேண்டீனில் காலையிலேயே தீர்ந்துபோகும் முட்டை பப்ஸ். பரீட்சை நாளில் மழை கொட்டி, பஸ் வராமல், சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருந்து நடந்தே போனது. வழியில் ஜாஸ்மினின் செருப்பைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. அவள் வெறுங்காலோடு பரீட்சை எழுதியது.

"காலு சில்லுன்னு இருந்திருக்குமே" என்றாள் அண்ணி.

"அதெல்லாம் எனக்கு எங்க தெரியும்?"

"பரீட்சை ஹால்ல சிமெண்ட் தரையா, மொசைக்கா?"

"மொசைக்."

"அப்பச் சில்லுன்னுதான் இருந்திருக்கும். மில்லுல எங்களுக்கும் மொசைக்தான்."

இப்படித்தான் கேட்பாள். நான் மறந்துபோனதையெல்லாம் கேட்பாள். ஜாஸ்மின் அன்றைக்கு என்ன கலர் சுடிதார், திரும்பி வரும்போது யார் செருப்பு கொடுத்தார்கள், சகுந்தலா மேடத்துக்குக் குழந்தைகள் உண்டா. எனக்குத் தெரியாததை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்வோம். முடிவு செய்ததை அவள் மறக்கவே இல்லை. நான்தான் முந்தின நாள் பச்சை என்றதை மறுநாள் நீலம் என்பேன், அவள் திருத்துவாள். ஒருநாள் கீரைத் தண்டை வைத்துவிட்டு, "எனக்கு இப்படி ஒரு சிநேகிதி இருந்ததில்ல ராணி. மில்லுல பேசினா சூப்பர்வைசர் திட்டுவாரு" என்றாள். இத்தனை வருடமாக என் கல்லூரிக் கதையைக் கேட்க இவ்வளவு ஆசையோடு ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். அந்த மாதம் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம் என்பதை நினைத்தால்தான் இப்போது தாங்க முடியவில்லை.

மறுசோதனை அன்று கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்க டாக்டர் என்னை அனுமதித்தார். மதிமானி அதே கேள்வியைக் கேட்டது. அண்ணி புடவையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். என் கல்லூரிப் பேரைச் சொல்லி, மழையில் ஆரம்பித்து, செருப்பு போனதைச் சொல்லி, மொசைக் தரையில் ஜாஸ்மின் கால் விரல்களை மடக்கி வைத்துக்கொண்டு எழுதியது வரை சொன்னாள். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கே அந்த மழை நன்றாக ஞாபகம் வந்தது.

டாக்டர் திரையைப் பார்த்தார். அப்புறம் கையால் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன ஆச்சு?"

"இவங்க சொன்ன காலேஜோட மாணவர் பட்டியலோட மதிமானி ஒப்பிட்டுப் பாத்திருக்கு. அந்த வருஷங்கள்ல இவங்க பேரே இல்லை. நடக்காததைப் புனைஞ்சு, அதையே உறுதியா நம்புறாங்கன்னு எழுதிடுச்சு. சாதாரணக் காப்புநிலை இல்லை மேடம். அடர்நிலை. வீட்டுல வச்சிருக்க முடியாது, காப்பில்லத்துக்கு அனுப்பணும்."

"அப்ப அவங்க அங்க படிக்கலைன்னு உங்க மிஷினுக்கே தெரியுதுல்ல! எட்டாவதுக் கோட்டைப் போடுங்க!"

"அந்தக் காலேஜ்ல படிக்கலைன்னுதான் அதுக்குத் தெரியும். வேற எங்கயோ படிச்சுட்டு மாத்திச் சொல்றாங்கன்னு எடுத்துக்கும். பதிவேட்டுல பி.காம்.னா பி.காம்.தான்."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஜாஸ்மின் என் தோழி, மழை என் மழை, சொல்லிக்கொடுத்தது நான் என்றேன். ஒரே மாதத்தில் இத்தனையையும் மனதில் ஏற்றிக்கொண்டவளுக்கு மறதி நோயா, நீங்களே சொல்லுங்கள் என்று கத்தினேன்.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் நம்புறேன். ஆனா இதை எழுதினா சோதனை மோசடி. உங்க மேல வழக்கு வரும். அடர்நிலை அப்பவும் மாறாது, வழக்கு முடியுற வரைக்கும் நிறுத்திக்கூட வைக்க மாட்டாங்க. இன்னைக்கே நிதிலனுக்குப் புதுப் பாதுகாவலர் போட்டாகணும். சொந்தம்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான். வழக்குல இருக்கறவங்ககிட்ட ஒப்படைக்க மாட்டாங்க. அவனை விடுதிக்கு அனுப்பிடுவாங்க." திரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு கேட்டார். "எழுதட்டுமா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எப்படி என்று கையால் கேட்டாள்.

"எழுத வேண்டாம்" என்றேன்.

வெளியில் வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லாச் சொன்னேனா ராணி?"

"பிரமாதம் அண்ணி."

அடுத்த வாரம் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அவள் ரகளை எதுவும் செய்யவில்லை. நிதிலன் பார்த்துப் பயந்துவிடுவான் என்று பையை நான் முன்பே வண்டியில் வைத்துவிட வேண்டும் என்றாள். காய் வாங்கப் போவது மாதிரி அவனிடம் கையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

மணப்பாறை போகும் வழியில் அந்தக் காப்பில்லம் இருந்தது. சுத்தமான இடம். குறை சொல்ல முடியாது, அதுதான் எனக்கு ஆத்திரம். தினமும் காலையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் வாழ்க்கையைத் திரையில் போட்டுக் காட்டுவார்கள். நினைவைச் சீராக்குகிறார்களாம். அண்ணிக்குப் பதிவேட்டு வாழ்க்கை ஓடியது. நீங்கள் முருகேஸ்வரி. நீங்கள் பி.காம். பட்டதாரி. ஆரம்பத்தில் அவள் எட்டாவதுதான் என்று சொல்லிப் பார்த்தாள். மறுத்துச் சொன்னால் மனக்கிளர்ச்சி என்று மாத்திரையைக் கூட்டினார்கள்.

"இப்ப ஆமான்னு சொல்லிடுறேன் ராணி. ஆமான்னு சொன்னா மாத்திரை குறையுது" என்றாள் ஒருமுறை.

நிதிலனைக் கூட்டிக்கொண்டு போக அனுமதி இல்லை. அடர்நிலையில் இருப்பவர்களுக்கு உணர்ச்சிவசப்படும் சந்திப்புகள் ஆகாதாம். அதனால் நான் போகும்போதெல்லாம் அவனைப் பற்றித்தான் கேட்பாள். சாப்பிட்டானா, நகம் வெட்ட விட்டானா, தலையை முட்டுகிறானா? முட்டவில்லை என்று பொய் சொல்வேன். என் கையை நடுவில் வைத்துப் பார்த்தேன், அவளைப் போல முனகியும் பார்த்தேன். அவன் என் கையைத் தள்ளிவிட்டு முட்டினான். கொஞ்ச காலத்தில் முட்டுவதையும் விட்டான், சத்தம் போடுவதையும் விட்டான். என் தென்னூர் வீட்டு வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். சாப்பிட வா என்றால் வந்தான், படு என்றால் படுத்தான். டாக்டர்கள் முன்னேற்றம் என்றார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அண்ணி அவனைப் பற்றிக் கேட்பதும் குறைந்தது. நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள். பிறகு சொன்னாலும் வேறு எங்கோ பார்ப்பாள். மாத்திரை செய்கிற வேலையா, தனிமையா, அல்லது நிஜமாகவே அந்த நோய் உள்ளே வந்துவிட்டதா என்று எனக்குத் தெரியாது. ஒருவேளை மூன்றும் சேர்ந்திருக்கலாம்.

இதற்கு நடுவில் எனக்கும் அறுபத்தைந்து ஆயிற்று. நானும் மதிமானி முன்னால் உட்கார்ந்தேன். கல்லூரியில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்றது. வேறு எதையாவது சொல்லலாம் என்று பார்த்தேன், வாய் அதற்குத்தான் போயிற்று. மழையைச் சொன்னேன், செருப்பைச் சொன்னேன். ஜாஸ்மின் கால் விரலை மடக்கி வைத்திருந்தாள் என்றும் சொன்னேன். அது அண்ணி சேர்த்தது. முழு மதிப்பெண். வெளியே வந்து, மையத்து மரத்தடியில் நின்று அழுதேன்.

அண்ணியின் படிப்பைப் பதிவேட்டில் திருத்தக் கேட்டு நான் போட்டிருந்த வழக்கு நடந்துகொண்டே இருந்தது. நாங்கள் ஜெயித்தோம் என்றே சொல்ல வேண்டும். அண்ணியைப் போலத் தமிழ்நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் பெண்கள் இருந்தார்கள். பத்திரிகையில் மட்டும் பட்டம் வாங்கியவர்கள், வரன் பார்த்தபோது ப்ளஸ் டூ ஆக்கப்பட்டவர்கள், மாமனார் கௌரவத்துக்காக டீச்சர் ட்ரெய்னிங் முடித்தவர்கள். கல்யாணப் பத்திரிகைப் பட்டதாரிகள் என்று டி.வி.யில் பேர் வைத்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அரசாங்கம் ஓர் ஆணை போட்டது. நெருங்கிய உறவினர் ஒருவர் சத்தியம் செய்து சாட்சி சொன்னால் போதும், படிப்பைக் குறைத்துத் திருத்தலாம், புதிதாகச் சோதனை கொடுக்கலாம். நான் போய்ச் சாட்சி சொன்னேன். முருகேஸ்வரி, எட்டாம் வகுப்பு. அவள் பேருக்குப் பின்னால் இருந்த பட்டம் என் கண் முன்னால் திரையில் இருந்து மறைந்தது.

சோதனை நாளன்று டாக்டர் செல்வின் தனி உத்தரவு வாங்கி நிதிலனையும் வரச் சொல்லியிருந்தார். தேறிவிட்டால் அங்கிருந்தே மூன்று பேரும் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவனுக்கு நல்ல சட்டை போட்டுக் கூட்டிப்போனேன். உறையூர் வீட்டை முந்தின நாளே கழுவிவிட்டு வந்திருந்தேன்.

அண்ணியைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். மெலிந்திருந்தாள். தலை சீவி, பவுடர் போட்டிருந்தார்கள். அவளை உள்ளே கொண்டுபோனபோது நிதிலன் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றான். ரொம்ப நாள் கழித்து அவன் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அது பசியா, வலியா, சந்தோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவள் உள்ளே இருந்தாள்.

புது விதிப்படி முதல் கேள்வியை அலுவலரே கேட்க வேண்டும்.

"அம்மா, என்ன படிச்சிருக்கீங்க?"

எட்டாவது என்று சொல்லு அண்ணி என்று நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பி.காம்." என்றாள்.

டாக்டர் ஒரு நொடி என் பக்கம் பார்த்துவிட்டு இயந்திரத்தை ஓடவிட்டார். கடிகாரத்துக்கு எண்களையெல்லாம் ஒரே பக்கத்தில் போட்டாள். ஐந்து வார்த்தைகளில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை. எட்டாவதுக்கு உண்டான கோட்டை வைத்து, வயதுக்கு உண்டானதையும் இறக்கித்தான் பார்த்தார்கள். ரொம்பக் கீழே இருந்தாள். இந்த முறை கணக்கில் தப்பே இல்லை.

டாக்டர் கதவைத் திறந்து, "கொஞ்ச நேரம் உள்ள வந்து இருங்க" என்றார். நான் கூப்பிடும் முன்பே நிதிலன் உள்ளே போய்விட்டான். நாற்காலிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, அவள் மடியில் தலையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணி கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேலே தூக்கிக்கொண்டாள்.

"அண்ணி, யாரு வந்திருக்கா பாருங்க. நிதிலன். உங்க பையன்."

அவள் என்னை வெட்கத்தோடு பார்த்தாள். "என்னங்க நீங்க. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. படிச்சிக்கிட்டிருக்கேன்."

மடியில் கிடந்த தலையைக் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு டாக்டரிடம் மெதுவாகச் சொன்னாள்:

"பாவங்க, ரொம்ப அலைஞ்சு வந்திருக்காரு போல. இவரோட அம்மா எங்கன்னு பாத்து, யாராவது கூட்டிட்டு வாங்களேன்."